சொல்லத் தெரியாமையும் சொல்ல முடியாமையும்

‘என் அன்பைச் சொல்ல எனக்குச் சொற்களே இல்லை’ என்று கூறாத காதலன் எந்நாட்டிலும் இலன். இதனைக் கூறுவதற்கு மட்டும் அவனுக்குச் சொற்கள் தட்டின்றிக் கிடைத்துவிடுகின்றன! கேட்போரும் அதனை ஒரு குறையாகக் கொள்வதில்லை. நாவெழாமை அன்பின் மிகுதிக்கு அடையாளம் என்று ஒரு கொள்கை நெடுங்காலமாக உலகில் வழங்கிவருகிறது. அக்கொள்கை எவ்வளவு தூரம் மெய், எவ்வளவு தூரம் வெறும் சாக்கு என்பதை, இரண்டு பாட்டுகளை எதிரெதிரே வைத்து நோக்கக் கருதுகிறோம். ஒன்று ஆங்கில நாட்டில் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்தது. மற்றொன்று நம்முடையது, அதனினும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது.

‘விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டப் போகிறவனுக்கும், செம்பனைக் குலை சுமக்கிறவனுக்கும், ஆங்கிலப் பிரபு ஒருவன் எழுதிய காதற் பாட்டால் ஆவதென்ன?’ என்று தோட்டத்து அன்பர் ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். பாச்சாங்கிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நமக்கு இதில் உள்ள பங்கு யாது என்பது போகப்போக விளங்கும்.

ஆங்கிலத்தார் ‘சானெட்’ என்று வழங்கும் பாட்டு பதினான்கே அடிகளை உடையது. இத்தாலியில் பிறந்தது. பெத்ரார்க்கா (1304–1374) என்னும் புலவர் லாரா என்னும் பெண்ணை நினைந்து நூற்றுக்கணக்கில் பாடி அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தார். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாமஸ் வயட், சர்ரே பிரபு என்னும் இருவர் அதனை ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தனர். 1511-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் நம் மலாக்காவைக் கைப்பற்றியபோது அந்த வயட் சிறு பிள்ளை என்றால், காலம் ஓரளவு மனத்தில் பதியும். நம் புலவர்க்கு வெண்பா எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. இடம் குறுகியது, ஆகவே ஒரு சொல்லும் வீணாகக் கூடாது.

சர் பிலிப் சிட்னி என்பவர் 1554-இல் பிறந்தவர். அரசவைக்காரர், போர்வீரர். 1586-இல் நெதர்லாந்துப் போரில் சுட்பென் என்னுமிடத்தில் காயமுற்று, அக்காயத்தினாலேயே முப்பத்தோராம் வயதில் மாண்டார். அவருடைய ‘அஸ்ட்ரோபிலும் ஸ்டெல்லாவும்’ என்னும் தொகுதி அவர் இறந்த பின்னர் 1591-இல் அச்சேறியது. நூற்றெட்டுச் சானெட்டுகளும் பதினொரு இசைப்பாட்டுகளும் கொண்டது. ஸ்டெல்லா என்றால் விண்மீன். அஸ்ட்ரோபில் என்றால் விண்மீனைக் காதலிப்பவன். விண்மீன் என்று பாடப்பெற்றவள் பெனலொப்பி டெவரூ என்னும் பெருங்குடிப் பெண் என்பர். அவளை 1581-இல் ரிச் என்னும் பிரபுவுக்கு மணமுடித்து வைத்தார்கள்.

அத்தொகுதியின் முதற் பாட்டே நாம் எடுத்துக்கொண்டது. காதலன் ஒருவன் தன் அன்பைப் பாட்டாக்க விரும்புகிறான். ஏன்? அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறான். தன் துன்பத்தைப் படிப்பதில் அவளுக்கு ஓர் இன்பம் உண்டாகலாம், இன்பத்தால் மேலும் படிப்பாள், படித்தால் அறிவாள், அறிந்தால் இரங்குவாள், இரங்கினால் அருள்வாள். படிக்கட்டுப் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்கிறான். காதலனின் பேச்சா, வழக்கறிஞரின் வாதமா என்று நாம் ஐயுறும் அளவுக்கு ஒழுங்கு! ஆனால் எழுத உட்கார்ந்தால் வருவதில்லை. பிறர் எழுதிய ஏடுகளைப் புரட்டுகிறான். அவற்றிலிருந்து ஒரு மழைத்துளியாவது தன் வறண்ட மூளையில் விழாதா என்று பார்க்கிறான். சொற்கள் நொண்டி நொண்டி வருகின்றன. ‘அடி’ என்னும் சொல்லை வைத்து ஒரு விளையாட்டும் ஆடுகிறான். ஆங்கிலத்திலும் காலடிக்கும் பாட்டின் அளவுக்கும் ஒரே சொல். நம் மொழியிலும் அப்படியே. ஆகையால் தமிழர்க்கு இவ்விடம் உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்: பிறர் அடிகள் தன் வழியில் குறுக்கிடும் அயலார் என்று குறைப்பட்டுக்கொள்கிறான். பேனாவைக் கடிக்கிறான், தன்னைத் தானே அடித்துக்கொள்கிறான். முடிவில் கலைமகள் அவனை மூடன் என்று கடிந்து, தேடவேண்டியது ஏட்டில் இல்லை, அவனிடத்தேதான் இருக்கிறது என்று காட்டுவதோடு பாட்டு முடிகிறது.

இம்முடிவு பெரும்புகழ் பெற்றது. எழுதப் பழகும் மாணவர்க்கு ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் இதையே உபதேசமாக எடுத்துச் சொல்லுகின்றனர். நாம் இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, நொண்டுகிறேன் என்று சொல்லும் பாட்டு சிறிதும் நொண்டவில்லை. ஆங்கிலச் சானெட்டுக்கு அடிக்குப் பத்து அசை என்பது அவர்கள் வழக்கம். சிட்னி இங்கே பன்னிரண்டு வைத்து, அவ்வளவு நீண்ட அடியைத் தடுமாறாமல் நடத்திக் காட்டுகிறார். சொல் கிடைக்காமை இங்கே பாட்டின் பொருள்தான். பாட்டின் நிலை அன்று. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் விழுவது போல் தள்ளாடிக் காட்டுகிறான் அல்லவா? கூட்டம் ‘ஐயோ’ என்று அலறும், அவன் விழமாட்டான். அவ்வித்தையை நாம் இகழவில்லை. வித்தை என்று தெரிந்துகொண்டு வியப்பதே அதற்குரிய மரியாதை.

இரண்டாவது, தன் நெஞ்சைப் பார்க்கச் சொன்னாள் கலைமகள் என்றால், அங்கே அவன் என்ன காண்பான்? காதலியின் உருவம் காதலன் நெஞ்சில் எழுதப்பட்டிருக்கும் என்பது பெத்ரார்க்காவின் வழிவந்த புலவர்கள் அனைவரும் எடுத்தாண்ட மரபு. ஆகவே ஏட்டை மூடிவிட்டு நெஞ்சைத் திறந்தாலும், நெஞ்சிலும் ஒரு பழைய ஏடே இருக்கிறது! இதனைச் சிட்னி அறியாதவர் அல்லர். அறிந்தே புன்னகையோடு எழுதியிருக்கிறார் என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பாட்டின் முற்பகுதியில் வரும் காதலனை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அவன் கையில் ஏடு இல்லை, கைப்பேசி இருக்கிறது. சென்னையில் ஒரு பாடலாசிரியர் தயாரிப்பாளர் கொடுத்த பணத்துக்கு எழுதிய காதல், மலாக்காவில் ஒருவன் விரல் நுனியால் அவளுக்குப் போய்ச் சேருகிறது. அதே பாட்டை அதே வாரத்தில் வேறு இருவர் அவளுடைய தோழிகளுக்கும் அனுப்பியிருப்பார்கள். தோழிகள் சேர்ந்து உட்கார்ந்து சிரிப்பதும் உண்டு. இதை நாம் பெருங்குற்றமாகக் கூறவில்லை. சிட்னியும் பிறர் ஏட்டில்தான் தொடங்கினார். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை.

ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் 1609-இல் வெளிவந்தன. அவற்றுள் இருபத்து மூன்றாவது இதே பொருளைப் பற்றியது. மேடை ஏறிய நடிகன் அச்சத்தால் தன் வசனத்தை மறந்து நிற்கிறான். அவனைப் போல் காதலனும் அன்பின் பாரத்தாலேயே அன்பின் சடங்குமொழியை மறக்கிறான். ஆகவே தன் வாய் பேசாததைத் தன் ஏடுகள் பேசட்டும், அவற்றைக் கண்ணால் கேட்கும் நுட்பம் காதலுக்கு உண்டு என்று முடிக்கிறான். நாடக மேடையைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் வாயில் இவ்வுவமை மிகப் பொருந்தும். வள்ளுவரும் குறிப்பறிதல் என்னும் அதிகாரத்தைக் கண்ணில்தான் முடித்தார். இரு கண்களும் ஒத்துச் சந்தித்துவிட்டால் வாய்ச்சொல்லுக்கு வேலையில்லை என்பது அவர் துணிபு. வேறுபாட்டைப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் காதலன் ஒருவன் எழுதுகிறான், மற்றவர் கண் படிக்கவேண்டும், இரக்கின்ற நிலை. வள்ளுவரிடத்திலோ கண்ணும் கண்ணும் நிகர். இருவரில் ஒருவரும் இரப்பவர் அல்லர்.

நிற்க. இனி நம் பாட்டுக்கு வருவோம்.

குறுந்தொகையில் ஐம்பத்தெட்டாவது பாட்டு, பாடியவர் வெள்ளிவீதியார், அடிகள் ஆறே. குறுந்தொகை நெடுங்காலம் ஓலையில் உறங்கிக்கிடந்து, 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரால் முதன்முதல் அச்சேறியது. 1937-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பதிப்பு வந்தது. சிட்னியை உலகம் 1591 முதல் அச்சில் படித்துவர, அவருக்கு மூத்த நம் புலவரை நாம் அச்சில் காண இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

பாட்டின் நிலைமை இது. காதலால் மெலிந்த தலைவனைப் பாங்கன் இடித்துரைக்கிறான். ‘நீ பெரியவன், ஒரு பெண்ணை எண்ணி இப்படி ஆகலாமா?’ என்கிறான் போலும். தலைவன் மறுமொழி சொல்லுகிறான். இந்நோயை உங்களால் நிறுத்த முடியுமானால் நல்லதுதான் என்பது மறுமொழியின் முற்பகுதி. பிற்பகுதியில் ஓர் உவமை. வெயில் காயும் பாறை, அதன்மேல் வெண்ணெய், அதற்குக் காவலாக ஒருவன். அவனுக்குக் கைகள் இல்லை. அவன் ஊமையும் ஆவான்.

இதைவிடக் கொடிய உவமை உலக இலக்கியத்தில் மிகுதியாக இராது என்று துணிந்து கூறுவோம். ஊமை என்று மட்டும் புலவர் நிறுத்தியிருந்தால், அவன் கையால் வெண்ணெயை எடுத்து நிழலில் வைத்திருப்பான். கையில்லாதவன் என்று மட்டும் நிறுத்தியிருந்தால், கூவி ஆளை அழைத்திருப்பான். இரண்டு வாயில்களையும் அடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் திறந்து வைத்தார்: கண். அவன் பார்க்கலாம். வெண்ணெய் உருகுவதை, உருகிப் பாறையெங்கும் பரவுவதை, ஒவ்வொரு நொடியும் முழுதாகப் பார்க்கலாம். குருடனாக இருந்திருந்தாலும் அவனுக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கும். அதையும் அவனுக்குத் தரவில்லை.

இன்னும் நோக்குவோம். வெண்ணெய் அவனுடையது அன்று, அவன் காவற்காரன். அதனைப் பாறைமேல் வைத்தவர் யார், கையும் நாவும் இல்லாதவனைக் காவலுக்கு அமர்த்தியவர் யார் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. நோய் பரவுகிறது என்று தலைவன் சொல்லும்போது பரவுதல் என்னும் தொழில் வெண்ணெய்க்கும் நோய்க்கும் பொதுவாகிறது. உருகிய வெண்ணெய்க்கு எல்லை இல்லை. எந்தப் பக்கம் ஓடும் என்று கூற முடியாது. அள்ளித் திரும்பவும் உருட்டவும் முடியாது. காதலைத் தீ என்று சொன்ன புலவர் பலர். கடல் என்று சொன்னவர் பலர். தீயும் கடலும் பெரியவை. பெரியதற்குப் பெரியதை உவமித்தல் எளிது. வெள்ளிவீதியாரோ அடுக்களையில் இருந்து ஒரு பொருளை எடுத்தார். கையளவு வெண்ணெய். அதன் அழிவைக் காட்டி நெஞ்சின் அழிவைக் காட்டினார்.

சிட்னியின் காதலனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகிறது அன்றோ? அவன் ஊமையானது தற்காலிகம். சரியான இடத்தைப் பார்த்தால் சொல் வரும். சொல் வந்தால் அவள் படிப்பாள். அப்புறம் அந்தப் படிக்கட்டு இருக்கவே இருக்கிறது. அவன் குறை எழுத்துத் தொழிலின் குறை. ஒரு நல்ல ஆசிரியர் தீர்த்து வைக்கலாம். கலைமகளே வந்து தீர்த்தும் வைத்தாள். குறுந்தொகைத் தலைவனுக்கு எந்த ஆசிரியரும் உதவ முடியாது. அவனுக்குச் சொல் தெரியாமல் இல்லை. தெரியாதவனா இப்படி ஓர் உவமை சொல்லுவான்? சொன்னாலும் பயன் விளையாத இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறான். ஒன்று சொல்லத் தெரியாமை. மற்றொன்று சொல்ல முடியாமை. இரண்டுக்கும் ‘மௌனம்’ என்று ஒரே பெயரை இட்டு, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பாராட்டுவதுதான் இலக்கிய அன்பர்கள் செய்யும் பிழை.

பெண்பாற் புலவர் ஒருவர் இதனை ஆண்மகன் வாயில் வைத்துப் பாடினார் என்பதை எளிதாகக் கடந்துவிட முடியாது. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னிலையில் தானே எடுத்துரைத்தல் இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் விதி வகுத்திருக்கிறது. தோழியிடம் சொல்லலாம், நெஞ்சிடம் சொல்லலாம், நாரையிடமும் சொல்லலாம், சொல்லவேண்டியவனிடம் மட்டும் சொல்லக் கூடாது! நாணம் என்றும் மென்மை என்றும் உரையாசிரியர்கள் இதற்கு அழகிய காரணங்கள் காட்டினர். காரணம் எவ்வளவு அழகாயினும், விதி விதியே. நாவும் கையும் கட்டப்பட்டுக் கண் மட்டும் திறந்திருக்கும் நிலையைத் தமிழ்நாட்டில் யார் நன்கு அறிந்திருப்பார்? இடித்துரைக்கும் தோழர் நடுவே நிமிர்ந்து நின்று பேசும் தலைமகனா, பாடிய புலவரா? நாம் முடிவு கூறவில்லை. கேள்வியை மட்டும் வைக்கிறோம்.

வெள்ளிவீதியார் பாடியனவாகச் சங்கத் தொகைகளில் பதின்மூன்று பாட்டுகள் உள்ளன: குறுந்தொகையில் எட்டு, நற்றிணையில் மூன்று, அகநானூற்றில் இரண்டு. அவரே காதல் துயருற்றுத் திரிந்தவர் என்பதற்கு ஔவையார் சான்று தருகிறார். அகநானூற்று 147-ஆம் பாட்டில் தலைவி ஒருத்தி, வெள்ளிவீதியைப் போல் தானும் புறப்பட்டுச் செல்லும் விருப்பத்தைக் கூறுகிறாள். ஒரு பெண்ணின் வாழ்வை மற்றொரு பெண்பாற் புலவர் பேர் சொல்லிப் பதிந்து வைத்தது பெரிய செயல்.

வெள்ளிவீதியாரே பாடிய இருபத்தேழாம் குறுந்தொகைப் பாட்டில் பேசுபவள் தலைவி. அங்கும் ஓர் உவமை. நல்ல பசுவின் பால் கன்றின் வாய்க்கும் போகவில்லை, கலத்திலும் விழவில்லை, வெறுந்தரையில் சிந்துகிறது. அதுபோல் தன் அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் ஆகாமல் பசலைக்கு இரையாகிறது என்கிறாள். ஆண் வாயில் வெண்ணெய், பெண் வாயில் பால்! ஒரே வீட்டுப் பொருள், ஒரே இழப்பு. இவ்விரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்க்குப் பாடியவர் ஒருவரே என்பதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சொல்லில் பொன்னும் மணியும் இல்லை; வீட்டுக் கணக்கைப் பார்த்து வளர்ந்த ஒருத்தியின் கண் இருக்கிறது. எது வீணாகிறது என்பதை அக்கண் தவறவிடுவதில்லை.

இந்த வெளிச்சத்தைக் கொண்டு மீண்டும் ஆங்கிலப் பாட்டைப் பார்த்தால், முன்பு கவனியாத ஓர் இடம் கண்ணில் படுகிறது. சிட்னியின் காதலன் தன் நிலைக்குச் சொல்லும் உவமைகளுள் ஒன்று பிள்ளைப்பேறு. பேச்சைக் கருவுற்று ஈன முடியாமல் வேதனைப்படுகிறவனாகத் தன்னைக் கூறிக்கொள்கிறான். பெண்ணின் வேதனை உவமைக்கு வேண்டியிருக்கிறது. பெண்ணின் பேச்சு வேண்டியிருக்கவில்லை. ஸ்டெல்லாவுக்கு இந்த முதற் பாட்டில் உள்ள வேலை படிப்பதும் இரங்குவதும் அருள்வதுமே. அவளும் ஏதேனும் சொல்ல நினைத்து, சொல் கிடைக்காமல் பேனாவைக் கடித்தாளா என்னும் எண்ணம் காதலனுக்குத் தோன்றவே இல்லை.

அக்குறையைத் தீர்த்தவள் அவர் குடும்பத்திலேயே தோன்றினாள். சிட்னியின் தம்பி மகள் மேரி ரோத் என்னும் பெருமாட்டி, பெண் ஒருத்தி காதலனை நினைந்து பாடுவதாகச் சானெட்டுகள் இயற்றி, 1621-இல் தம் கதைநூல் ஒன்றோடு சேர்த்து வெளியிட்டார். அக்கதை தன் குடும்பத்தைச் சுட்டுகிறது என்று சினந்த டென்னி என்னும் பிரபு, நூல் எழுதுவதை விட்டுவிட்டுப் பெண்ணுக்குரிய வேலையைப் பார் என்னும் கருத்துப்பட ஏளனப் பாட்டு ஒன்று எழுதி அனுப்பினான். பெருமாட்டி அஞ்சவில்லை; அவன் பாட்டையே அடியொற்றி அவனுக்கு மறுப்புப் பாட்டு எழுதினார். எழுதத் தெரிந்த பெண்ணுக்கே வரவேற்பு இப்படி இருந்தது.

தமிழில் இப்பாவகை வந்த கதையையும் ஒரு வரியில் கூறிவிடுவோம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரித் தமிழாசிரியராய் விளங்கிய வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903), பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டு, ஆங்கிலச் சானெட்டைத் தழுவி ‘தனிப்பாசுரத் தொகை’யை 1901-இல் வெளியிட்டார். ஜி. யு. போப் அப்பாசுரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். முயற்சி போற்றத்தக்கது, பின்வந்தோர் பெரிதும் பின்பற்றவில்லை. ஆறடியில் ஓர் உலகத்தை அடைக்கத் தெரிந்த மொழிக்குப் பதினான்கடிப் பாத்திரத்தை இரவல் வாங்கும் அவசியம் அதிகமாக இல்லாதிருந்திருக்கலாம்.

இனி மலாக்காவுக்கு வருவோம். இந்நகரில் காதலைப் பாட்டால் பேசும் கலை ஒன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. ‘டொண்டாங் சாயாங்’ என்பது அதன் பெயர். பிடிலும் ரெபானா என்னும் தோற்கருவியும் கோங்கும் ஒலிக்க, இருவர் மாறிமாறிப் பந்துன் பாடுவார்கள். அன்பும் கேலியும் பாட்டில் கலந்து வரும். 2018-இல் யுனெஸ்கோ அவை இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பந்துன் என்னும் பாவகையையும் 2020-இல் ஏற்றது. இக்கலையை மலாக்காவில் நான்கு சமூகத்தார் போற்றிவருகின்றனர்: மலாய்க்காரர், பாபா நோஞ்ஞா என்னும் சீன வழியினர், போர்த்துக்கீசிய வழியினர், மலாக்கா செட்டிகள்.

மலாக்கா செட்டிகள் யார் என்பதைத் தோட்டத்து இளைஞர் பலர் அறியார். சுல்தான்கள் ஆண்ட காலத்தில் வாணிகத்தின் பொருட்டு இங்கு வந்து, இந்நாட்டுப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகரின் வழிவந்தோர். நாம் ரயிலும் கப்பலும் ஏறிக் கங்காணியின் பின்னே வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கே குடியேறியவர்கள். பாச்சாங்குக்கு அண்மையில் உள்ள காஜா பேராங்கில் அவர்கள் கிராமம் இன்றும் இருக்கிறது. சைவ வழிபாட்டையும் பொங்கலையும் விடாது பேணுகிறார்கள். வீட்டு மொழியாகத் தமிழ் அவர்களிடம் நிலைக்கவில்லை. மலாய்மொழியின் ஒருவகை அவர்கள் தாய்மொழி ஆயிற்று. இதைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை. மொழி மாறிய பின்னும் காதலைச் சொல்லும் கலையை அவர்கள் கைவிடவில்லை என்பதே நாம் கருதவேண்டியது. தமிழ் இன்னும் நாவில் இருக்கும் நம்மில் எத்தனை வீடுகளில் அக்கலை இருக்கிறது?

பந்துனின் அமைப்பு நம் ஆராய்ச்சிக்கு மிகப் பயன்படும். நான்கு அடி. முதல் இரண்டடியைப் பெம்பாயாங் என்பர்; சாயல், நிழல் என்னும் பொருளை ஒட்டிய சொல். ஆறு, பறவை, பழம் என்று ஏதேனும் ஒன்றைக் கூறி நிற்கும். பின்னிரண்டடியே சொல்லவந்த கருத்து. நேரே சொல்ல நாக்கூசுகிறவனுக்கு நிழல் முதலில் சென்று வாயிலைத் திறந்து வைக்கிறது. நம் அகப்பாட்டின் உள்ளுறையும் இத்தகையதே எனலாம். ஆயினும் உள்ளுறையில் ஒவ்வொரு பொருளும் உட்பொருள் சுமக்கும், பந்துனின் நிழல் பலவிடத்து ஓசைக்குத் துணையாக மட்டும் நிற்கும். நம் பாட்டிமார் பாடிய தெம்மாங்கிலும் முதலில் ஒரு மரத்தையோ குருவியையோ சொல்லிப் பிறகு மாமனை இழுப்பது வழக்கம். அதைப் பாமரர் பிதற்றல் என்று எண்ணிய படிப்பாளிகள் இருந்தனர். மலாயரின் நிழலடியைக் கலை என்று உலகம் கொண்டாடும்போது தெம்மாங்கின் நிழலை மட்டும் பிதற்றல் என்பது எந்த நியாயம்?

டொண்டாங் சாயாங்கில் பாடியவனுக்கு விடை உண்டு. ஆண் பாடி நிறுத்தினால் பெண் எடுப்பாள். அவன் புகழ்ச்சியை ஏற்கலாம், கிண்டல் செய்து திருப்பலாம், மறுக்கலாம். அவள் முறை வந்தே தீரும். சிட்னியின் பாட்டில் இல்லாத இடம் இதுதான். படித்து, அறிந்து, இரங்கி, அருள் என்று அவளுக்குப் படிக்கட்டு கட்டிவைப்பதற்கு இங்கே இயலாது. அவள் எந்தப் படியில் ஏறுவாள் என்பதை அவளே பாடிக் கூறுவாள்.

நம் லயத்து வீடுகளை நினைத்துப் பார்ப்போம். ஒரு சுவருக்கு இப்புறம் பேசினால் அப்புறம் கேட்கும். பிரட்டுக் களத்தில் ஊரே கூடும். இரண்டு பேர் தனித்து நான்கு வார்த்தை பேச இடமில்லாத அமைப்பு. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் ஊர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டனர், சுவர்கள் தடித்துவிட்டன, பழைய பழக்கம் போகவில்லை. பெண்ணுக்கு ஒரு வரன் வருகிறது. பெரியவர்கள் கூடுகிறார்கள். சாதி பேசப்படுகிறது, சம்பளம் பேசப்படுகிறது, நகை பேசப்படுகிறது. கடைசியில் யாரோ ஒருவர் நினைவு வந்தவராக, ‘பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள்’ என்கிறார். பிள்ளை தலைகுனிந்து நிற்கிறாள். ‘மௌனம் சம்மதம்’ என்று எவரோ சொல்லத் தாம்பூலம் மாறிவிடுகிறது.

அந்த மௌனம் எத்தகையது? நாணமா, அச்சமா, வேறொருவனை நினைந்த நெஞ்சா, வெறும் களைப்பா என்று அங்கே கேட்டவர் யார்? காதலனின் நாவெழாமையைப் பாட்டில் படித்து உருகுகிற நாமே, நம் கூடத்தில் நிற்கும் பெண்ணின் நாவெழாமையைக் கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறோம். சொல்லத் தெரியாதவள் என்றால் கற்பிக்கலாம். சொல்ல முடியாதவள் என்றால், கட்டியவர் நாம். வெயிற் பாறையில் வெண்ணெயை வைத்தவர் யார் என்று வெள்ளிவீதியார் சொல்லாமல் விட்டார் என்றோம். நம் வீட்டில் அதற்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை.

தோட்டத்து அன்பர் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதைத் தவிர வேறு விடை நம்மிடம் இல்லை. சிட்னியைப் படிக்கவேண்டாம் என்பது நம் கருத்தன்று. தமிழில் நல்ல பெயர்ப்பு ஒன்று வந்தால் மகிழ்வோம். ஆனால் நம் ஊர்களில் வாசகசாலைகளும் இளைஞர் மணிமன்றங்களும் காதற் பாட்டு என்று ஒரு மாலையை ஒதுக்கும்போது, திரைப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், குறுந்தொகை 58-ஐ ஓர் ஆண் படிக்கட்டும். அது முடிந்த கையோடு 27-ஐ ஒரு பெண் படிக்கட்டும். இரண்டும் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகாது. காஜா பேராங்கிலிருந்து பாடுவோர் இருவரை அழைத்து, மலாயில் அவர்கள் கேள்வியும் விடையுமாகப் பாடுவதையும் அதே மேடையில் கேட்கலாம். தமிழ்ப் பெண்கள் எழுந்து விடைப்பாட்டு ஒன்று கட்ட முன்வந்தால், நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியடிக்காதிருக்கவேண்டும்.